‘இதர பணிகள்’

(பிரம்மதேசத்தில், பள்ளிகளில் வேலை செய்யும் சத்துணவு, துப்புரவு ஊழியர்களோடு சங்கம் நடத்திய கலந்தாய்வுக் கூட்டத்தில் பேசியது. பேச்சு நடை அதிகம் மாற்றப்படவில்லை.)



காலையில் வந்து உட்கார்ந்ததும் சங்கத் தோழர்கள் எல்லார் கையிலும் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், மையம், சேர்ந்த வருஷம், சம்பளம் என்று கேட்டுக்கொண்டே போய், நடுவில் ஒரு கேள்வி: ‘தாங்கள் செய்யும் பணி யாது?’ என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா படிவத்தை என்னிடம் நீட்டி, “தம்பி, இதுல இன்னா எழுதறது? ஆர்டர்ல இருக்கறத எழுதறதா, நான் செய்யறத எழுதறதா?” என்று கேட்டார்.

நான் தயார் செய்துகொண்டு வந்த பேச்சை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். அந்த அம்மா கேட்ட கேள்விக்கு பதில் சொல்லிவிட்டுப் போனால் போதும் என்று தோன்றுகிறது. வேலைப் பாதுகாப்பு என்று நாம் பேசுவது, பொறுப்பு வரையறை என்று நாம் பேசுவது எல்லாமே அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது.

என் அம்மாவும் உங்களில் ஒருத்தி. சத்துணவு மையத்தில் சமையல் உதவியாளர். பிள்ளைகளுக்கு அவள் ‘ஆயா’. அவளுடைய நியமன ஆணை தகரப் பெட்டியில், ரேஷன் கார்டுக்கு அடியில் கிடந்தது. வங்கியில் சேர்ந்த பிறகுதான் அதை எடுத்துப் படித்தேன். மடிப்பில் கிழிந்துபோன தாள். பதவியின் பெயர் இருந்தது. சம்பளம் இருந்தது. கடைசியில், தலைமை ஆசிரியரும் அமைப்பாளரும் அவ்வப்போது இடும் ‘இதர பணிகளையும்’ செய்ய வேண்டும் என்று ஒரு வரி இருந்தது.

என் அம்மாவின் வேலை முழுக்க அந்த ‘இதர’வுக்குள்தான் இருந்தது. விறகு சுமந்தாள். தண்ணி இறைத்தாள். அண்டா தேய்த்தாள். வகுப்பறை கூட்டினாள். கக்கூஸ் கழுவினாள். தலைமை ஆசிரியர் வீட்டு விசேஷத்துக்குப் பாத்திரம் கழுவப் போனாள். செய்யாத ஒரே வேலை சமையலுக்கு உதவுவது. உலை வைக்க, உப்புப் பார்க்க, கரண்டி பிடிக்க ஊரிலிருந்து வந்த சமையலர் இருந்தார். ஒருநாள் அந்த அம்மாவுக்கு ஜுரம். என் அம்மா சமைத்தாள். பாதிப் பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். மறுநாள் தலைமை ஆசிரியர் கோபமாகப் பேசவில்லை, ரொம்ப அன்பாகவே சொன்னார்: “உனக்கு எதுக்கும்மா வம்பு, நீ வெளி வேலைய மட்டும் பாத்துக்க.”

யாரிடம் போய்ப் புகார் சொல்வது? என்னவென்று சொல்வது? அவர் ஆணையை மீறவில்லை. இதர பணி கொடுத்தார், அவ்வளவுதான்.

தோழர்களே, இந்த இரண்டு சொல்லைக் கவனியுங்கள். ஒரு வேலையை எழுதாமல் விட்டால் அந்த இடம் காலியாக இருக்காது. அரசாங்கம் எழுதாமல் விட்ட இடத்தில் சாதி எழுதும். யார் உலைக்குப் பக்கத்தில் நிற்கலாம், யார் கக்கூஸுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதற்கு அரசாணை வேண்டியதில்லை. அது ஏற்கனவே எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

இந்த ஊரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரம்மதேயம் என்பது பிராமணருக்கு அரசன் கொடுத்த நிலம். அந்தக் காலத்தில் எழுதத் தெரியாமல் விட்டுவிட்டார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். கல்லிலேயே எழுதினார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு, தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேருக்கும் தெரு, வீடு, பங்கு என்று கணக்கு எழுதி, பங்கு ஒன்றுக்கு நூறு கலம் நெல் என்று சொல்கிறது. அதே கோயில் கல்வெட்டுகளில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வருகின்றன. எங்கே வருகின்றன? சுடுகாட்டோடும் நத்தத்தோடும் சேர்த்து, வரி இல்லாத நிலமாகக் கழிக்கும் பட்டியலில். ஒருத்தருக்குப் பங்கு எழுதினார்கள். இன்னொருத்தரை நில அளவில் கழிவாக எழுதினார்கள். எழுத்து யார் கையில் இருந்தது என்பதுதான் வித்தியாசம்.

அண்ணல் அம்பேத்கர் இந்த விஷயத்தைத் தொழிலாளர் மத்தியிலேயே பேசியிருக்கிறார். 1928 பம்பாய் பஞ்சாலை வேலைநிறுத்தத்தின்போது அவர் கேட்டது, நெசவுப் பிரிவில் தீண்டப்படாதவர்களை ஏன் சேர்ப்பதில்லை என்று. கூலி அதிகமான பிரிவு அது. அறுந்த நூலை வாயில் ஈரப்படுத்திச் சேர்க்க வேண்டும், எச்சில் தீட்டு என்று சக தொழிலாளர்களே தடுத்தார்கள். ஆலை முதலாளி போட்ட தடை இல்லை அது. 1938 பிப்ரவரியில் மன்மாடில் ரயில்வேயில் வேலை செய்த தாழ்த்தப்பட்ட தொழிலாளர் மாநாட்டில் இன்னொன்று சொன்னார். நம் ஆட்களை போர்ட்டர் வேலைக்குக்கூட எடுப்பதில்லை, ஏனென்றால் போர்ட்டர்தான் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வேலையும் செய்ய வேண்டும், தீண்டத்தகாதவனை வீட்டுக்குள் எப்படி விடுவது என்று. பாருங்கள், போர்ட்டரின் வேலைப் பட்டியலில் ஸ்டேஷன் மாஸ்டர் வீடு கிடையாது. அது இதர பணி. அந்த இதர பணிதான் நம் ஆளுக்கு வேலையையே இல்லாமல் செய்தது. என் அம்மாவுக்கு வேறு மாதிரி. வேலை கிடைத்தது, இதர பணி மட்டும்தான் மிஞ்சியது.

பழைய கதை என்று சொல்வார்கள். சமீபத்தியதைச் சொல்கிறேன்.

2018 ஜூலை. திருப்பூர் மாவட்டம் அவினாசி பக்கம் திருமலைக்கவுண்டம்பாளையம். அரசுப் பள்ளிக்கு மாறுதலாகி வந்த அருந்ததியர் சமையலரைச் சமைக்க விடாமல் சாதி இந்துக்கள் தடுத்தார்கள். அதிகாரிகள் முதலில் செய்த காரியம் என்ன? தடுத்தவர்களைப் பிடிக்கவில்லை, அந்த அம்மாவை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். போராட்டம் நடந்த பிறகுதான் மாறுதல் ரத்தானது, வழக்குப் பதிவானது. ஏழு வருஷம் கழித்து, 2025 நவம்பரில், திருப்பூர் சிறப்பு நீதிமன்றம் ஆறு பேருக்கு இரண்டு ஆண்டு தண்டனை கொடுத்தது.

2022. ஈரோடு மாவட்டம் பெருந்துறை பக்கம் ஒரு ஒன்றியத் தொடக்கப் பள்ளி. பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கக்கூஸ் கழுவ வைத்ததாகப் புகார், தலைமை ஆசிரியை கைது. அவரைக் கைது செய்தது சரி. ஆனால் கழுவுவதற்கு ஒழுங்கான சம்பளத்தோடு ஒரு ஆள் நியமிக்கப்பட்டிருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காதே? பணியிடம் இல்லாத இடத்தில் வேலை எங்கே போய் இறங்குகிறது என்று பாருங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் கையில் இறங்குகிறது, அதுவும் எந்தத் தெருப் பிள்ளை என்று பார்த்து இறங்குகிறது.

2023. காலை உணவுத் திட்டம் விரிவானதும் கரூர் மாவட்டத்திலும் தூத்துக்குடி மாவட்டத்திலும் தலித் பெண் சமைத்ததைப் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று பெற்றோர் நிறுத்தினார்கள். ஆட்சியர் போனார், எம்.பி. போனார், பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நல்லது. போட்டோ வந்தது. மறுநாள் அந்தப் பெண் தனியாகத்தான் அந்த ஊருக்குள் போக வேண்டும்.

2004 ஏப்ரல் 20-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், உணவு உரிமை வழக்கில், மதிய உணவுச் சமையலர், உதவியாளர் நியமனத்தில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆக, அடுப்பங்கரை தீட்டுக் கழிய வேண்டிய இடம் என்று நீதிமன்றத்துக்கே தெரிந்திருக்கிறது. ஆனால் நியமனம் மட்டும் போதாது. நம் மாநிலத்தில் மையத்துக்கும் குடியிருப்புக்கும் மூன்று கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. பெண்களுக்கு வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் மூன்று கிலோமீட்டருக்குள் எல்லாருக்கும் எல்லார் சாதியும் தெரியும். அவள் வேலை அரசாங்கத்தின் கையில் மட்டும் இல்லை, ஊர்க்காரர்கள் கையிலும் இருக்கிறது. வேலைப் பாதுகாப்பு என்று சங்கம் பேசும்போது அரசாங்கத்திடமிருந்து பாதுகாப்பு மட்டும் பேசினால் பாதிதான் பேசுகிறோம்.

இப்போது சம்பளத்துக்கு வருகிறேன். 1920-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் நீதிக்கட்சிக்காரர்கள் பகல் உணவு போட்டதும், 1956-ல் காமராஜர் மதிய உணவும், 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவும் நம் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்து வந்தவை. நான் அந்தச் சோற்றில் வளர்ந்தவன், அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் சோறு போட்ட கைக்கு என்ன கொடுத்தார்கள்? ‘சிறப்புக் காலமுறை ஊதியம்’. அரசாங்க அகராதியில் ‘சிறப்பு’ என்றால் ‘குறைவு’ என்று அர்த்தம். 2024 டிசம்பரில் 8,997 சமையல் உதவியாளர்களை எடுக்க ஆணை போட்டார்கள். மாதம் 3,000 ரூபாய் தொகுப்பூதியம், ஒரு வருஷம் கழித்துத்தான் 3,000 - 9,000 என்ற சிறப்புக் காலமுறை. ஒன்றிய அரசு தன் கணக்கில் 2009-ல் சமையல் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் என்று வைத்தது, அதுவும் வருஷத்தில் பத்து மாதத்துக்கு. பதினைந்து வருஷம் தாண்டியும் அதை அசைக்கவில்லை. அதற்குச் சம்பளம் என்று பெயர் கிடையாது, ‘மதிப்பூதியம்’. 2013-ல் கூடிய 45-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து உட்கார்ந்த சபை, திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்க வேண்டும் என்று பரிந்துரை செய்தது. பரிந்துரை பரிந்துரையாகவே இருக்கிறது.

காலை உணவு வந்தபோது சத்துணவு ஊழியர்களிடமே அதைக் கொடுங்கள் என்று சங்கங்கள் கேட்டன. சுயஉதவிக் குழுப் பெண்களிடம் கொடுத்தார்கள். ஒரே பள்ளிக்கூடத்தில் காலையில் ஒரு பெண், மதியம் ஒரு பெண். கலந்தாலோசனை என்பது முதலில் அங்கே நடந்திருக்க வேண்டும். ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். அந்தக் குழுப் பெண்ணை எதிரியாகப் பார்க்கும் பேச்சு நம் கூட்டங்களில் கேட்கிறது. அவளும் நம் தெருப் பெண்தான். அவளுக்கு நியமன ஆணைகூடக் கிடையாது. சங்கம் அவளையும் சேர்த்துப் பேசாவிட்டால், நாளைக்கு அவளைக் காட்டி உங்கள் வேலையை எடுப்பார்கள், உங்களைக் காட்டி அவள் வேலையை எடுப்பார்கள்.

நான் வங்கியில் குமாஸ்தா. எங்கள் பக்கத்துக் கதை ஒன்று இருக்கிறது, உங்களுக்குப் பயன்படும். வங்கியிலும் கூட்டிப் பெருக்கும் பகுதிநேர ஊழியர் உண்டு. வங்கி ஊழியர் சங்கங்கள் 1966-லிருந்து நிர்வாகத்தோடு இருதரப்பு ஒப்பந்தம் போட்டு வருகின்றன. அந்த ஒப்பந்த முறையில் பகுதிநேர ஊழியருக்கு மணிக் கணக்கு எழுதினார்கள். வாரத்தில் 6 மணி நேரத்துக்கு மேல் 13 வரை என்றால் முழுச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. 13-க்கு மேல் 19 வரை பாதி. 19-க்கு மேல் 29 வரை முக்கால். 29-ஐத் தாண்டினால் முழுச் சம்பளம். எவ்வளவு சின்ன விஷயம் பாருங்கள், வெறும் மணிக் கணக்கு. ஆனால் அந்தக் கணக்கு எழுதப்பட்டதால் கூட்டுகிற ஒருவர் கேட்க முடிந்தது: “நான் வாரத்துக்கு இருபது மணி நேரம் வேலை செய்யறேன், எனக்கு முக்கால் சம்பளம் குடு.” முக்காலிலிருந்து முழுச் சம்பளம், முழுச் சம்பளத்திலிருந்து கடைநிலை ஊழியர், அங்கிருந்து படித்துத் தேறி குமாஸ்தா என்று வந்த தலித் தோழர்களை எனக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்து அழுக்கையும் சொல்லிவிடுகிறேன். பிறகு பல இடங்களில் கூட்டும் வேலையைக் காண்ட்ராக்டரிடம் கொடுத்தார்கள். நாங்கள் எங்கள் சம்பள உயர்வுக்குப் போராடியதில் பத்தில் ஒரு பங்குகூட அதற்குப் போராடவில்லை. நான் வேலை பார்த்த ஒரு கிளையில், காண்ட்ராக்டில் கூட்ட வந்த அக்காவை டீ வாங்கி வரச் சொன்னது வேறு யாரும் இல்லை, நான்தான். ஆயாவின் மகன். ஒருநாள் அந்த அக்கா, “ஏன் சார், இது என் வேலையா?” என்று கேட்டார். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் எங்கேயிருந்து வந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்தால் ‘இதர பணி’ கொடுக்கும் வாய் தானாக முளைக்கிறது.

அதனால்தான் சங்கத் தோழர்களிடமும் நேராகப் பேசுகிறேன். இந்தக் கூட்டத்தில் நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், பாயில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், வாசல்படியில் யார் நிற்கிறார்கள் என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். அமைப்பாளர்கள் முன்னால். சமையலர்கள் அடுத்து. உதவியாளர்கள் அதற்கும் பின்னால். பள்ளிக் கக்கூஸ் கழுவுகிறவர்கள் வாசலில். அவர்களில் சிலருக்குப் படிவமே கொடுக்கவில்லை, ‘அவங்க நம்ம உறுப்பினர் இல்ல’ என்று. பள்ளிக்கூடத்து அடுக்கு அப்படியே சங்கத்துக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. குழந்தைகள் குறைந்த மையங்களை இணைக்கிற பேச்சு வரும்போது இந்த அடுக்கில் முதலில் யார் கீழே விழுவார்கள்? அவர்களைக் கேட்காமல் நடக்கிற கலந்தாய்வு யாருக்காக?

என் யோசனைகளைச் சொல்கிறேன். முடிவு உங்களுடையது.

ஒன்று. ஒவ்வொரு ஊழியருக்கும் எழுத்தில் ஆணை வேண்டும். என்ன வேலை, எத்தனை மணி நேரம் என்று அதில் இருக்க வேண்டும். ‘இதர பணிகள்’ என்ற வரியை எடுக்கச் சொல்லுங்கள். எடுக்க முடியாது என்றால், அதில் கக்கூஸ் கழுவுவதும் யார் வீட்டு வேலையும் வராது என்று எழுதி வாங்குங்கள்.

இரண்டு. கக்கூஸ் கழுவும் வேலையைச் சமையல் உதவியாளர் தலையில் கட்டக் கூடாது, பிள்ளை தலையில் கட்டக் கூடாது. அதற்கு ஒழுங்கான சம்பளத்தில் பணியிடம் வேண்டும். அந்தப் பணியிடம் ஒரு சாதிக்கு எழுதி வைத்ததாகவும் இருக்கக் கூடாது.

மூன்று. ஊர் எதிர்த்தது என்று யாரையும் மாறுதல் செய்யக் கூடாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பட்டியல் சாதியினரைத் தங்கள் வேலையைச் செய்ய விடாமல் தடுப்பதும் குற்றம். மாறுதல் கேட்டு மனு எழுதுவதை விட்டுவிட்டு, சங்கம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும்.

நான்கு. எந்த மாற்றம் வந்தாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தொழிற்சாலைத் தொழிலாளிக்கு 1947 தொழில் தகராறுச் சட்டத்தில் 21 நாள் முன்னறிவிப்பு இருந்தது. 2025 நவம்பரில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாகத் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் வந்தது, அதிலும் முன்னறிவிப்பு இருக்கிறது. நீங்கள் தொழிலாளியே இல்லை என்று சொல்லி அந்த நிழல்கூட உங்கள்மேல் படாமல் பார்த்துக்கொள்கிறார்கள். சட்டம் கொடுக்காததை ஒப்பந்தமாகக் கேளுங்கள்.

ஐந்து. கலந்தாய்வு அமைப்பாளர் வீட்டுத் திண்ணையிலோ ஒன்றிய அலுவலகத்திலோ மட்டும் நடக்கக் கூடாது. சேரியிலும் நடக்க வேண்டும். வாசலில் நிற்கிறவர் முதலில் பேச வேண்டும். எழுதிய தீர்மானத்தை எல்லார் காதிலும் விழப் படித்துக் காட்டி, கையில் நகல் கொடுக்க வேண்டும்.

இதெல்லாம் நடக்குமா என்று கேட்கலாம். 2006-ல் உமாதேவி வழக்கின் தீர்ப்பு வந்த பிறகு, தற்காலிக ஊழியர் நிரந்தரம் கேட்டாலே அந்தத் தீர்ப்பைத் தூக்கி முகத்தில் போட்டார்கள். 2024 டிசம்பர் 20-ல் அதே உச்ச நீதிமன்றம், ஜக்கோ என்பவர் தொடுத்த வழக்கில், மத்திய நீர் ஆணையத்தில் வருஷக்கணக்காகப் பகுதிநேரமாகக் கூட்டிப் பெருக்கிய பெண்களையும் அவர்களோடு வேலை செய்தவரையும் நிரந்தரமாக்கச் சொன்னது. வேலை நிரந்தரமானது, செய்கிறவரை மட்டும் தற்காலிகம் என்று வைத்திருக்க முடியாது என்பதுதான் அதன் சாரம். ஆனால் நீதிமன்றம் கேட்டது எதை? இத்தனை வருஷம், இத்தனை மணி நேரம், இன்ன வேலை என்கிற கணக்கை. அந்தக் கணக்கு நம் கையில் இருக்கிறதா?

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன்.

ரெண்டையும் எழுதுங்கம்மா. படிவத்தின் நடுவில் ஒரு கோடு போடுங்கள். இந்தப் பக்கம் ஆர்டரில் இருப்பது. அந்தப் பக்கம் நீங்கள் செய்வது. காலையில் எத்தனை மணிக்கு வந்தீர்கள், எத்தனை குடம் தண்ணி, எத்தனை கக்கூஸ், யார் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள், எந்தத் தேதி, எல்லாம். இந்தப் பக்கம் ஒரு வரிதான் வரும். அந்தப் பக்கம் தாள் பற்றாது. அந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம்தான் அவர்கள் உங்களுக்குத் தர வேண்டிய பாக்கி.

என் அம்மாவிடம் அப்படி ஒரு நோட்டு இல்லை. இருந்திருந்தால் நான் இன்றைக்கு வெறும் கதையாகச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

எழுத வராதவர்கள் சாப்பாட்டுக்கு அப்புறம் இருங்கள். வாசலில் நிற்கிற அக்காமார்களும் உள்ளே வந்து உட்காருங்கள். நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதித் தருகிறேன். கடைசி பஸ் வரைக்கும் இருப்பேன். எழுதறதுதானே குமாஸ்தா வேலை. அது என் ஆர்டர்லயே இருக்கு.